டிரக்டர் வாங்குமுன் வீட்டுப் பெண்ணையும் கேளுங்கள்!

டிரக்டர் என்றால் அது ஆண்கள் சமாச்சாரம் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. பஸாரில் பேசி, கராஜில் பார்த்து, புரோக்கருக்குக் கையும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத்தான் வீட்டுக்கு வருவார்கள். எதற்கு? அலுமாரிச் சாவிக்கு! முற்பணத்துக்குக் காசு பற்றாது. மனைவியின் காப்பும் மாலையும் அடகுக்குப் போக வேண்டும். "ஆறு மாதத்தில் மீட்டுத் தந்துவிடுகிறேன்" என்ற வாக்குறுதி வேறு. "என்ன மிசின், எந்த வருடம், எத்தனை நாள் வேலை இருக்கிறது?" என்று அவள் கேட்டுவிட்டால், "பொம்பளைக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும்?" என்று பதில் வரும்.

சகோதரிகளே, மஹராகப் பெற்றதும், தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்ததும் மார்க்கத்தின்படி உங்களுடைய சொத்து. அதை விரும்பிக் கொடுக்கலாம், கடனாகவும் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கொடுப்பதானால், அது என்னவாக மாறுகிறது என்று அறிந்து கொடுப்பதுதான் நியாயம். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். மிசின் ஓட்டக் கற்றுத் தருவதல்ல, என்ன கேள்வி கேட்பது என்பதைச் சொல்வதே நோக்கம்.

பொகவந்தலாவையை எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் கடந்து போனால் நாலாபுறமும் தேயிலை மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேலே. நடுவே கெஹெல்கமு ஓயா ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. கொட்டியாகலை, பொகவான, கெம்பியன் என்று சுற்றிலும் தோட்டங்கள். பஸாரில் கடை வைத்திருப்பவர்கள், மரக்கறி ஏற்றுபவர்கள், தோட்டத்தில் ஒப்பந்த வேலை எடுப்பவர்கள், கையளவு தேயிலைக் காணியோ மரக்கறித் தோட்டமோ வைத்திருப்பவர்கள் என்று நம்மவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கிழக்கிலே அக்கரைப்பற்றிலும் நிந்தவூரிலும் டிரக்டர் என்றால் வயல் உழவு. பாய் விரித்தது போன்ற தரை. வாங்குகிறவர் கலப்பையைப் பற்றிக் கேட்பார். பொகவந்தலாவையிலோ உழவு என்பது டிரக்டரின் வேலையில் சிறு பங்குதான். கொழுந்தை மலையிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்க வேண்டும். உரமூட்டையை மேலே ஏற்ற வேண்டும். தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு, வீடு கட்டுவோருக்கு மணலும் கல்லும், சந்தைக்கு லீக்ஸும் கரட்டும். சுமைதான் வேலை, அதுவும் ஏற்ற இறக்கத்திலே. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று கணக்குப் பார்த்தால், மலைப்பாதையில் இறங்கும் பாரம் எவ்வளவென்று புரியும்.

ஆகவே முதல் கேள்வி "எந்தக் கம்பனி மிசின்?" என்பதல்ல. "உழவா, சுமையா?" என்பதுதான். சமதரையில் பேர் வாங்கிய மிசின் மலையில் உயிரை வாங்கிவிடும்.

எருமைக்கு இயந்திரம் செய்தவர்

இலங்கையில் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. எந்த நாட்டில் செய்திருந்தாலும், எந்தக் கம்பனி செய்திருந்தாலும் அதற்குப் பெயர் லேண்ட் மாஸ்டர்தான். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு இலங்கையர் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. அவர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து, கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். விமானம் ஓட்டினார், பாய்மரப் படகு ஓட்டி 1968ஆம் ஆண்டு மெக்சிகோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். 1950களில், ஆசியாவின் சிறு வயலுக்குப் பெரிய டிரக்டர் பொருந்தாது, எருமை நுழையும் இடத்தில் நுழையக்கூடிய மிசின் வேண்டும் என்று எண்ணி அவர் வடிவமைத்ததுதான் லேண்ட் மாஸ்டர். இங்கிலாந்தில் தயாராகிப் பல நாடுகளுக்கும் போயிற்று.

இதோடு கதை முடிந்திருந்தால் அது ஒரு வெற்றிக் கதை, அவ்வளவுதான். ஆனால் பிற்காலத்தில் அவரே தமது கண்டுபிடிப்பைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்டார். நான் விவசாயத்தை முன்னேற்றினேனா, அல்லது எருமையை இயந்திரமாக மாற்றியதோடு நின்றுவிட்டேனா? உழவு வேகமானது, விளைச்சல் அதே அளவில் கூடியதா? எருமை புல்லைத் தின்று எருவும் தந்தது, பாலும் தந்தது, கன்றும் போட்டது. மிசின் கன்று போடாது. டீசல் கேட்கும், உதிரிப்பாகம் கேட்கும், மாதா மாதம் தவணை கேட்கும்!

அதன் பிறகு அவர் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தார். மண்ணைக் கிளறாமலே பயிர் செய்வது எப்படி, சரிவு நிலத்தில் மண் கரையாமல் காப்பது எப்படி என்பவற்றில் ஈடுபாடு கொண்டார். நாடு திரும்பிய பின்னும் சரிவுக்குக் குறுக்கே வேலியாகக் கிளிசரிடியா போன்ற மரங்களை வரிசையாக நட்டு, அவற்றின் நடுவே பயிரிடும் முறையைப் பலருக்கும் எடுத்துச் சொன்னார். 2010இல் காலமானார். டிரக்டர் செய்து பெயர் பெற்ற மனிதர் கடைசியில் "மண்ணைத் தேவையில்லாமல் புரட்டாதீர்கள்" என்று சொன்னது மலைநாட்டுக்காரர் எல்லோரும் காதில் போட்டுக்கொள்ள வேண்டிய செய்தி.

ஏனென்றால் பொகவந்தலாவையில் மேல்மண் ஒரு சாண்தான். சரிவிலே மேலும் கீழுமாக மிசின் ஓட்டினால் சக்கரத் தடம் ஒவ்வொன்றும் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். போன மண் கெஹெல்கமு ஓயாவில் கலந்து காசல்ரீயின் அடியிலே படிகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவர எந்த மிசினாலும் முடியாது. 1951ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் மண் பாதுகாப்புக்கென்று சட்டம் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா? தோட்டங்களில் பழைய தேயிலையைப் பிடுங்கினால் உடனே மறுபடி நடுவதில்லை. மானாப் புல்லோ கோத்தமாலாப் புல்லோ வைத்து ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறவிடுவார்கள். நம் மரக்கறித் தோட்டங்களில் அந்தப் பொறுமை ஏனோ இல்லை.

வீட்டிலிருந்தே ஒரு சோதனை செய்யலாம். நாலடி நீளச் சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் ஊன்றுங்கள். பாதி தண்ணீர் உள்ள போத்தலை அதன் மேல் கிடத்தி, தண்ணீர் மட்டமாகும்வரை மறுமுனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் மண்ணுக்கும் இடைவெளி ஓரடியைத் தாண்டினால், அந்த இடத்தில் குறுக்காக நாலு சக்கர டிரக்டரை விடுவது ஆபத்து. முள்ளும் மண்வெட்டியும்தான் அதற்கு ஏற்ற கருவி. இதை அளந்து சொல்ல எந்த இஞ்சினியரும் வேண்டாம்.

மலை கேட்கும் குணங்கள்

சுமைக்காகத்தான் வாங்குகிறோம் என்று முடிவானால், குதிரைவலுவைப் பற்றிப் பெருமையடிப்பதைக் கேட்டு மயங்க வேண்டாம். மேட்டு நிலத்தில் காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத சாதாரண டீசல் இஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் நூற்றுக்கு மூன்று வீதம் வலுவை இழக்கும். பொகவந்தலாவை உயரத்துக்கு எட்டில் ஒரு பங்கு போய்விடும். 35 குதிரைவலு என்று எழுதியிருந்தால் மனதுக்குள் 31 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு அதுவும் போதும். இறங்குவதில்தான் ஆளைத் தெரியும்.

சாதாரண இரண்டு சக்கர இழுவை டிரக்டருக்குப் பின் சக்கரத்தில் மட்டுமே பிரேக். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு மிதி. வயலில் திருப்புவதற்காக அப்படி வைத்தார்கள். ரோட்டில் போகும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி ஒன்று இருக்கும். பழைய மிசின்கள் பலவற்றில் அது உடைந்தோ தொலைந்தோ போயிருக்கும். வளைவில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டிக்குத் தனியாகப் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் பாரம் முழுவதும் டிரக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியரில் போட்டுவிட வேண்டும்; நடுவழியில் மாற்ற முயன்று கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் பிறகு நிறுத்துவது அல்லாஹ்வின் கையில்தான். டீசல் மிச்சம் பிடிக்கவென்று நியூட்ரலில் இறங்கும் டிரைவருக்கு, எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், சம்பளம் கொடுக்காதீர்கள்.

குபோட்டா, யன்மார் போன்ற சிறிய நாலு சக்கர இழுவை மிசின்களுக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு. உயரம் குறைவு. நாலு சக்கரமும் இஞ்சினோடு இணைந்திருப்பதால் இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பது முன் சக்கரத்துக்கும் போகும். ஈரமண்ணில் இது பெரிய உதவி. ஆனால் விலையும் உதிரிப்பாகமும் அதற்கேற்றபடி.

லேண்ட் மாஸ்டருக்கு இறக்கத்தில் ஒரு விபரீத குணம் உண்டு. கைப்பிடியின் கீழே இடமும் வலமுமாக இரண்டு கிளச் இருக்கும். சமதரையில் இடப்பக்கத்தை அழுத்தினால் இடப்பக்கச் சக்கரத்துக்கு வலு நின்று, மிசின் இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ, இஞ்சின் இரண்டு சக்கரத்தையும் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். அப்போது இடப்பக்கத்தை அழுத்தினால் அந்தச் சக்கரம் விடுபட்டு முந்தி ஓடும். மிசின் வலப்பக்கம் திரும்பிவிடும்! வயல் பிரதேசத்திலிருந்து மலைக்கு வந்த நல்ல டிரைவர்கூட இதில் ஏமாறுவார். ஓட்டப்போகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாவிட்டால் அவர் மலையில் ஓட்டியவரல்ல. கூடவே, சாரதி அனுமதிப்பத்திரத்தில் அதற்குரிய வகுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்: இரண்டு சக்கரத்துக்கு ஜி1, நாலு சக்கரத்துக்கு ஜி. மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இதற்குச் செல்லாது.

ஃபெர்கூசன் என்ற பெயர் நம் நாட்டில் பிரபலம். ஹாரி ஃபெர்கூசன் அயர்லாந்துக்காரர். அவர் காலத்து டிரக்டர்களில் கலப்பை கல்லில் சிக்கினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு டிரைவர் மேலேயே பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கலப்பையை மூன்று இடத்தில் பிணைக்கும் முறையை அவர் கொண்டுவந்தார். இன்று உலகத்து டிரக்டர் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். 1946இல் வந்த அவருடைய சிறிய சாம்பல் நிற டிரக்டர் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே மிசினில்தான். துருவம் வரை போனாலும் தத்துவம் ஒன்றுதான்: இழுக்கும் சங்கிலி தாழ இருக்க வேண்டும். விழுந்த யூக்கலிப்டஸ் மரத்தை இழுக்கவென்று அச்சுக்கு மேலே சங்கிலி கட்டினால் அதே பின்கவிழ்ப்பு இன்றும் நடக்கும். இழுவைக்கென்று தாழ உள்ள கொக்கியில் மட்டுமே கட்டச் சொல்லுங்கள்.

சுவீடன் நாட்டில் 1959இலேயே புதிய டிரக்டர் ஒவ்வொன்றுக்கும் டிரைவரைச் சுற்றி இரும்புக் கூண்டு கட்டாயம் என்று சட்டம் வந்தது. கவிழ்ந்து இறப்பது அதன்பின் அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் ஊரில் கூண்டைக் கழற்றி எறிந்துவிட்டு நிழலுக்குத் தகரக் கூரை போடுகிறார்கள். கவிழும்போது தகரம் எதைத் தாங்கும்? இன்னொன்று, மட்கார்டில் பிள்ளையை உட்கார்த்தி வைப்பது. ஆசைக்குச் சின்ன மகனை ஏற்றிக்கொண்டு போகிறார் வாப்பா. உம்மாமாரே, இதற்கு மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

துப்பட்டாவும் சுழலும் தண்டும்

டிரக்டரின் பின்னால், நடுவிலே, சுழலும் தண்டு ஒன்று உண்டு. தண்ணீர்ப் பம்பு, சூடு அடிக்கும் மிசின், மண் கிளறும் மிசின் எல்லாவற்றுக்கும் வலு இங்கிருந்துதான் போகிறது. நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது! சேலைத் தலைப்போ, துப்பட்டாவோ, அபாயாவின் கையோ அதில் பட்டால், "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் பல முழம் துணி சுற்றிவிடும். கழுத்தில் இருந்தது துப்பட்டா என்றால் சொல்லவே வேண்டாம். தண்டுக்கு மேலே பிளாஸ்டிக் உறையும், பக்கத்தில் இரும்பு மூடியும் கம்பனி போட்டுத்தான் அனுப்புகிறது. பழைய மிசின்களில் அவை இருப்பதில்லை. விலை பேசும்போதே "உறை எங்கே?" என்று கேளுங்கள். புதிதாகப் போட ஆகும் செலவு ஒரு மோதிரத்தின் விலைகூட இராது.

தேநீர் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்ணும், விளையாட வரும் பிள்ளையும் இஞ்சின் ஓடும்போது பின்பக்கம் போகவே கூடாது. சத்தத்தில் டிரைவருக்கு நீங்கள் கூப்பிடுவது கேட்காது. முன்னால் நின்று கையசைத்து, அவர் இஞ்சினை நிறுத்திய பிறகே அருகில் போகவேண்டும்.

பழையதை வாங்கும்போது

நம்மில் பெரும்பாலோர் வாங்குவது பாவித்த மிசின். இதில் மெஸ்ஸி ஃபெர்கூசன் 35, 135, 240 வகைகளுக்கும், சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் அதே பரம்பரை மிசின்களுக்கும் ஒரு வசதி உண்டு. அவற்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பாஸ்மார் மூலைக்கு மூலை இருக்கிறார்கள். பளபளப்பான புதிய பெயர் ஒன்றை வாங்கி, ஒரு சில்லறை உருப்படிக்காகக் கொழும்புக்கு அலைந்து, கொழுந்துக் காலத்தில் மிசின் பத்து நாள் படுத்துக் கிடந்தால் தவணை படுத்துக் கிடக்குமா? என் கருத்தில் நம்பகமான டிரக்டர் என்பது பழுதாகாத டிரக்டர் அல்ல. ஹட்டனிலேயே பழுதுபார்க்க முடிந்த டிரக்டர்.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் போகச் செய்யுங்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ண வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்து புகை குபுகுபுவென்று வருகிறதா? பிஸ்டன் தேய்ந்துவிட்டது. ஒயில் பால் தேநீர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பாரத்தைத் தூக்கிவைத்து இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். மடமடவென்று இறங்கினால் ஹைட்ரோலிக் போய்விட்டது. மணி காட்டும் மீட்டரை நம்பாதீர்கள், அதை மாற்றிவிடலாம். மிதிகளின் தேய்வைப் பாருங்கள். புதுப் பெயின்டைக் கண்டால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள். மலையில் ஓடிய மிசினானால் கட்டாயம் ஏற்றத்தில் பாரத்தோடு ஓட்டிப் பார்த்து, இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்று கவனிக்க வேண்டும்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்தால் அது அழிந்துவிடும் என்றும் கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆகையால் "இதில் என்ன குறை?" என்று நேருக்கு நேர் கேட்பதில் வெட்கமே வேண்டாம். நாளைக்கு நம் மிசினை விற்கும்போது நாமும் அப்படியே சொல்ல வேண்டும். அது வேறு விஷயமில்லை, அதே விஷயம்தான்.

பணம் எங்கிருந்து?

லீசிங் கம்பனி வாசலுக்கே வந்து கையெழுத்து வாங்குகிறது. வட்டியைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வழி இல்லாமலும் இல்லை. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் இஸ்லாமிய முறைக்கு இலங்கையில் இடம் உண்டானது. 2011இல் அமானா வங்கி முழுக்க முழுக்க அந்த முறையிலேயே தொடங்கியது. வேறு சில வங்கிகளும் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. முராபஹாவில் வங்கி முதலில் மிசினைத் தான் வாங்கி, லாபத்தைச் சொல்லி, நிர்ணயித்த விலைக்கு நமக்குத் தவணையில் விற்கிறது. இஜாராவில் மிசின் வங்கியுடையதாகவே இருந்து நாம் வாடகை கட்டுகிறோம். பெயரைக் கேட்டதும் கையெழுத்துப் போடாமல் மூன்று கேள்வி கேளுங்கள். மிசின் உண்மையிலேயே முதலில் உங்கள் பெயருக்கு வந்ததா? தவணை பிந்தினால் மொத்தத் தொகை கூடுமா? பிந்தியதற்கு எடுக்கும் பணம் எங்கே போகிறது? ஒழுங்கான இடமானால் அந்தப் பணம் தருமத்துக்குத்தான் போகும்.

கணவனுக்குக் கடனாக நகை கொடுத்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் பெண்சாதிக்குள் எழுத்து எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். அது கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே. எத்தனை பவுண், எந்தத் தேதி, எப்போது மீட்பது என்று இரண்டு வரி. கீழே இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கொப்பி எடுத்து, போன வருடம் எத்தனை நாள் வாடகைக்கு டிரக்டர் பிடித்தோம், எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதிப் பாருங்கள். மாதத்துக்கு நாலைந்து நாள்தான் வேலை என்றால் வாடகைதான் லாபம். அல்லது பக்கத்து மூன்று நாலு குடும்பம் சேர்ந்து கூட்டாக வாங்கலாம். யார் எந்த நாள், பழுதுச் செலவு எப்படி என்று முதலிலேயே பேசிக்கொண்டால் சண்டை வராது. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றதையும், கியூ.ஆர். அட்டைக்கு அளந்து ஊற்றியதையும் மறந்துவிடாமல், ஒரு நாள் வேலைக்கு எத்தனை லீட்டர் போகிறது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள்.

வாங்குவதென்றே முடிவானால், பதிவுப் புத்தகத்திலுள்ள இஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் மிசினில் வெட்டியிருக்கும் இலக்கத்தோடு ஒத்துப்போகின்றனவா, பழைய லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காப்பைக் கழற்ற வேண்டும். நகை உங்களுடையதென்றால் புத்தகத்தில் உங்கள் பெயரையும் எழுதச் சொல்லலாம். அதற்குச் சட்டத்திலும் தடையில்லை, மார்க்கத்திலும் தடையில்லை.